தட்டினால் நின்றுவிடும் சண்டை

எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியை முதன்முதலாகப் பார்க்கிற நம்மவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “கீழே விழுந்தவனைப் போட்டு அடிக்கிறானே, இது என்ன நியாயம்?” குத்துச்சண்டையில் ஒருவர் விழுந்தால் மற்றவர் விலகிப்போய் நிற்க வேண்டும். மல்யுத்தத்தில் தோள் இரண்டும் தரையில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. விழுந்தவன் மேல் கை வைக்காதே என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது. இங்கே கம்பிக் கூண்டு, நெற்றியில் வழியும் ரத்தம், மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து குத்துகிற ஆள். கைப்பேசியில் ஓடும் அரை நிமிடக் காட்சியில் இவ்வளவுதான் தெரியும். அதைப் பார்த்துக் காட்டுமிராண்டித்தனம் என்று முகம் சுளிப்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேள்வி நேர்மையானது. அதற்குப் பதில் 1994 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்த ஒரு சண்டையில் இருக்கிறது.

ஒருபுறம் டான் செவர்ன். 115 கிலோவுக்கு மேல் எடையுள்ள மல்யுத்த வீரர். மறுபுறம் பிரேசிலின் ராய்ஸ் கிரேசி. எடை சுமார் 80 கிலோ. செவர்ன் அவரைத் தூக்கிக் கீழே போட்டு மேலே படுத்துக்கொண்டார். ஏறத்தாழ 15 நிமிடம் அப்படியே கழிந்தது. பார்த்தவர்களுக்கு, மேலே இருப்பவர் ஜெயிக்கிறார், கீழே இருப்பவர் நசுங்குகிறார், அவ்வளவுதான். ஆனால் கீழே கிடந்த கிரேசி தன் இரண்டு கால்களையும் மெல்ல மெல்ல மேலே ஏற்றி, செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் முக்கோணப் பூட்டுக்குள் கொண்டுவந்தார். செவர்ன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். சண்டை முடிந்தது.

இந்த விளையாட்டில் தரை என்பது தோற்றவன் கிடக்கும் இடமல்ல. சண்டையின் இன்னொரு பாதி அங்கேதான் நடக்கிறது. மல்லாந்து கிடப்பவர் கால்களால் எதிராளியின் இடுப்பைப் பின்னிக்கொண்டால், மேலே இருப்பவரால் நிமிர்ந்து முழு பலத்தோடு குத்த முடியாது. அந்த நிலையிலிருந்து கையைப் பூட்டலாம், கழுத்தை இறுக்கலாம், புரட்டிப் போட்டு மேலே வரலாம். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா பிரேசிலுக்குக் கொண்டுபோன வித்தையை, ஒல்லியான உடல் பருத்த உடலைச் சமாளிப்பதற்காக கிரேசி குடும்பம் பல ஆண்டுகள் செதுக்கியது.

அந்தத் தட்டலைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். எதிராளியின் உடம்பையோ தரையையோ தட்டினால் நடுவர் அந்த நொடியே பிரித்துவிடுவார். கை பிடிபட்டுவிட்டால் வாயால் சொன்னாலும் போதும். போதும் என்று சொல்லும் உரிமை சண்டை போடுகிறவர் கையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவரை விஷயம் தெரிந்த யாரும் கோழை என்பதில்லை. பயிற்சிக் கூடத்தில் ஒரு மாலைக்குள் பல முறை தட்டுவார்கள், எழுந்து கைகுலுக்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள்.

பிறகு, இது காட்டுமிராண்டித்தனம் என்ற இவ்வளவு பெரிய தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது? சண்டையை நடத்தியவர்களே காசுக்காக விற்றது அது. 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில், எம்.எம்.ஏ.வின் முன்னணி அமைப்பான யு.எஃப்.சி. நடத்திய முதல் போட்டியை ‘விதிகளே இல்லை’ என்று விளம்பரம் செய்துதான் கட்டணத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கையுறை கட்டாயமில்லை, எடைப் பிரிவு இல்லை. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. ஏறக்குறைய அவ்வளவுதான் கட்டுப்பாடு. முதல் சண்டையே அரை நிமிடத்துக்குள் முடிந்தது. நெதர்லாந்தின் ஜெரார்ட் கோர்டோ உதைத்த உதையில், சுமோ வீரர் டெய்லா டூலியின் பல் பறந்தது. அதே இரவில் கிரேசி மூன்று பேரையும் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள், பெரிதாக ஒரு குத்துகூட விடாமல், தட்டவைத்தே ஜெயித்துப் பட்டம் வாங்கினார். உலகம் பறந்த பல்லை நினைவில் வைத்துக்கொண்டது.

மூன்று ஆண்டுகளில் எதிர்ப்பு கிளம்பியது. குத்துச்சண்டை ரசிகரான செனட்டர் ஜான் மெக்கெயின் இதை மனிதச் சேவல்சண்டை என்று சாடி, தடைசெய்யக் கோரி எல்லா மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். பல மாநிலங்கள் தடை விதித்தன, கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பை நிறுத்தின. சேவற்கட்டு நமக்கு அந்நியமில்லை. காலில் கத்தி கட்டிய சேவலைக் களத்தில் விடுகிறவன் அதனிடம் சம்மதம் கேட்பதில்லை. தோற்கப்போகும் சேவலால் தட்ட முடியாது. கூண்டுக்குள் நிற்பவருக்கோ, விரும்பி வரவும் வழி உண்டு, வேண்டாமென்று விலகவும் வழி உண்டு. மெக்கெயினின் ஒப்புமை அந்த இடத்தில்தான் தவறிப்போனது.

ஆனாலும் அவருடைய கோபத்தால் நன்மை விளைந்தது. 1997-ல் எடைப் பிரிவும் கட்டாயக் கையுறையும் வந்தன. தலையால் முட்டுவதும் கீழே இருப்பவரின் தலையில் உதைப்பதும் தடையாயின. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூ ஜெர்சி மாநில விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் முழுமையான விதித்தொகுப்பு ஒன்றை உருவாக்க, மற்ற மாநிலங்களும் பின்னால் அதை ஏற்றுக்கொண்டன. பின்மண்டை, முதுகெலும்பு, தொண்டை, விரல்கள், பிறப்புறுப்பு என்று தொடக்கூடாத இடங்களின் பட்டியல் நீண்டது. ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டப் போட்டிக்கு ஐந்து. கூண்டோரம் மருத்துவர். அடிபட்டு வீழ்ந்தவர் குறிப்பிட்ட நாள்கள் போட்டியிடக் கூடாதென்ற மருத்துவத் தடை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலைக்கு ஒருவர் வந்ததும் நடுவர் உள்ளே பாய்ந்துவிட வேண்டும். இந்த விளையாட்டு முன்னேறியிருக்கிறது என்று மெக்கெயினே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கடைசிவரை தடையைப் பிடித்துக்கொண்டிருந்த நியூயார்க் 2016-ல் அதை நீக்கியது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, பத்தாண்டுப் போட்டிகளில் சோதிக்கப்பட்ட 1,181 எம்.எம்.ஏ. வீரர்களையும் 550 குத்துச்சண்டை வீரர்களையும் ஒப்பிட்டது. ஏதாவதொரு காயம் பட்டவர்கள் எம்.எம்.ஏ.வில் 59.4 சதவீதம், குத்துச்சண்டையில் 49.8 சதவீதம். நினைவிழந்தவர்கள் எம்.எம்.ஏ.வில் 4.2, குத்துச்சண்டையில் 7.1. முழங்கை பட்டு நெற்றித் தோல் கிழிந்தால் முகமெல்லாம் ரத்தமாகும். தையல் போட்டால் சில வாரங்களில் ஆறிவிடும். குத்துச்சண்டையில் ஒருவர் விழுந்ததும் பத்து எண்ணுகிறார்கள். கலங்கிய மூளையோடு அவர் எழுந்து நின்றால் மறுபடியும் குத்து வாங்கவேண்டியதுதான். பார்வைக்குக் கண்ணியமாகத் தெரியும் அந்த ஏற்பாடு அவர் தலைக்கு நல்லதல்ல. கழுத்தை இறுக்குவதைக் கண்டு பதறுகிறோம். அதே பிடி ஜூடோவிலும் உண்டு, ஜூடோ 1964-லேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்ற விளையாட்டு.

அதே நேரம், எம்.எம்.ஏ. போட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தலையில் விழும் அடிகளால் முடிகிறது என்று டொரண்டோ ஆய்வாளர்கள் 2014-ல் எச்சரித்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது. ரத்தத்தைப் பார்த்து அலறுகிற நாம், ரத்தம் வராத இடங்களைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். எடைக் குறைப்பு அப்படி ஓர் இடம். வெந்நீர்த் தொட்டியிலும் நீராவி அறையிலும் கிடந்து உடம்பின் தண்ணீரைப் பிழிந்தெடுத்து எடை மேடையில் ஏறுகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராமுக்காக மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் விலக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய இரவில் அவர் பட்ட பாட்டை நாடே கேட்டது. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது சீன எம்.எம்.ஏ. வீரர், மணிலாவில் எடை குறைக்கும் முயற்சியிலேயே இறந்துபோனார். அவர்மேல் ஒரு குத்தும் விழவில்லை. அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் அதன் பிறகுதான் நீரிழப்பு வழி எடைக் குறைப்பைத் தடைசெய்து, வீரர்களின் சிறுநீரைச் சோதிக்கத் தொடங்கியது.

கண்காணிப்பு இல்லாத மேடை இன்னோர் இடம். 2016 ஏப்ரலில் டப்ளினில் சண்டையிட்ட போர்ச்சுகல் வீரர் ஜோவோ கார்வால்ஹோ, தலைக் காயத்தால் இரண்டு நாளில் இறந்தார். அப்போது அயர்லாந்தில் எம்.எம்.ஏ.வுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்பே கிடையாது. வன்முறை என்று ஒதுக்கிவைத்தால் விளையாட்டு ஒழிந்துவிடாது. மருத்துவரும் விதியும் இல்லாத கொட்டகைக்குப் போய்விடும். அமெரிக்க மாநிலங்கள் தடைசெய்த ஆண்டுகளிலும் சண்டை நின்றுவிடவில்லை, தடையில்லாத ஊர்களைத் தேடி நகர்ந்தது.

எல்லாச் சண்டையையும் நான் ஆதரிக்கவில்லை. யு.எஃப்.சி. தலைவர் டானா ஒயிட் தொடங்கிய பவர் ஸ்லாப்பில் எதிரெதிரே நின்று மாறிமாறி அறைந்துகொள்கிறார்கள். வரும் அறையைத் தடுக்கக் கூடாது, விலகக் கூடாது. தற்காப்புக்கே இடமில்லாத அதை விளையாட்டு என்று என்னால் ஏற்க முடியாது.

நான் ஆதரிக்கும் சண்டைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2024 ஜூன் 8 அன்று முகமது அலியின் சொந்த ஊரான லூயிவில்லில், 52 கிலோ பிரிவில் பூஜா தோமர் வென்றார். யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் அவர். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துப் புடானாவிலிருந்து, வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலை வழியாக வந்தவர். நடுவர்கள் மூவரில் இருவர் அவர் பக்கம் புள்ளி கொடுத்தார்கள். அவ்வளவு நெருக்கமான ஆட்டம். கையை வீசவா, காலை வீசவா, பிடித்துத் தள்ளவா, விலகி நிற்கவா என்று நொடிக்கு நொடி முடிவெடுத்த 15 நிமிடத்தை முழுதாகப் பார்த்தவர்கள், அதை வெறும் அடிதடி என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது நம் ஊர்களிலும் ஜிம் பலகைகளில் எம்.எம்.ஏ. என்ற எழுத்துகள் தெரிகின்றன. உங்கள் மகனோ மகளோ சேரக் கேட்டால் எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். தட்டியவுடன் விடுகிறார்களா? தலையில் பலமாக அடித்துப் பழகுவது வாரத்துக்கு எத்தனை நாள்? தலையில் அடிபட்ட பிள்ளையை ஓய்வெடுக்க வீட்டுக்கு அனுப்புகிறார்களா? பட்டினி போட்டு எடை குறைக்கச் சொல்கிறார்களா? போட்டி நாளில் மருத்துவர் இருப்பாரா? பயிற்சியாளரிடம் இதையெல்லாம் நேராகக் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் சேர்த்துவிடுங்கள். மழுப்பினால் வேறு இடம் தேடுங்கள்.