தள்ளுபடி சரி... மாத்திரை சரியா?

காஞ்சிபுரத்துல பட்டுச் சேலை எடுக்க வர்றவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? முந்தானையைப் பிரிச்சு, ஜரிகையைத் தடவி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, 'இதுல வெள்ளி எவ்ளோ இருக்கு?'னு நாலு கேள்வி கேட்டு... ஒரு சேலைக்கு அரை நாள் ஆக்குவாங்க. அதே ஆளுங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனா? சீட்டை நீட்டுவாங்க, கவரை வாங்குவாங்க, கிளம்பிடுவாங்க. மொத்தமே மூணு நிமிஷம்தான்! சேலை பீரோவுக்குள்ள போகுது. மாத்திரை உடம்புக்குள்ள போகுது. எதைப் பிரிச்சுப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க.

'அதெல்லாம் பெரியவங்க வேலை'னு நழுவாதீங்க பாஸ். வீட்டுல மருந்து வாங்க ஓடுற ஆள் யாரு? வண்டி சாவியைக் கையில வெச்சிருக்கிற நீங்கதான். பிள்ளையார்பாளையம் மாதிரி தறிக்காரர் தெருக்கள்ல பல வீடுகளுக்கு, மாத்திரை அட்டையில இருக்கிற பொடி எழுத்து இங்கிலீஷைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளும் காலேஜ் போற பிள்ளைதான். ஆக, கடைக்கும் தாத்தாவுக்கும் நடுவுல இருக்கிற கடைசி செக்போஸ்ட் நீங்க!

ஏ.சி. குளிரும் எஸ்.எம்.எஸ்ஸும்

முன்னாடியெல்லாம் தெருமுனை மெடிக்கல்ஸ்தான். அந்த அண்ணனுக்கு உங்க வீட்டு சுகர், பிரஷர் கதை எல்லாம் அத்துப்படி. இப்போ அப்போலோ, 2006-ல ஹைதராபாத்துல ஆரம்பிச்ச மெட்பிளஸ்னு செயின் கடைகள் சின்ன ஊர்களுக்கும் வந்தாச்சு. கம்ப்யூட்டர் பில், தள்ளுபடி, மாத்திரை தீரும்போது நினைவூட்டுற மெசேஜ்... வசதிகள் ஏராளம். இதையெல்லாம் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா, கவுன்ட்டர்ல நிக்கிறவங்க அடிக்கடி மாறலாம். உங்க தாத்தாவோட கதை அவங்களுக்குத் தெரியாது. கதையைத் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது நீங்கதான்.

'கம்பெனிதான் வேற... மருந்து ஒண்ணுதான்!'

இந்த டயலாக்கைக் கேட்காத காஞ்சிபுரத்துக்காரர் இருக்க மாட்டாங்க. சென்னைக்கோ வேலூருக்கோ போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டு, சீட்டோட ஊர் திரும்புவோம். அங்கே எழுதின பிராண்ட் இங்கே இருக்காது. உடனே வரும் பதில்தான் அது. பல சமயம் அது உண்மையாவும் இருக்கும். இந்தியாவுல ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பேர்ல விக்கிறாங்க.

ஆனா, சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? 1945-ம் வருஷத்து மருந்து விதிகள்படி, 'ஷெட்யூல் ஹெச்' பட்டியல்ல வர்ற மருந்தை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. சீட்டுல இருக்கிற மருந்துக்குப் பதிலா, அதே சரக்கு உள்ள வேற மருந்தாவே இருந்தாலும் கடைக்காரர் தானா மாத்தித் தரவும் கூடாது. மாத்தணும்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தணும். அவ்வளவுதான்.

'மருந்து ஒண்ணுன்னா என்ன பிரச்னை?'னு கேட்கிறீங்களா? பிரச்னை வீட்டுல இருக்கு. தாத்தா மாத்திரையைப் பேர் வெச்சு ஞாபகம் வெச்சுக்கிறது இல்லை, கலர் வெச்சுத்தான். 'காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்.' கம்பெனி மாறினா கலரும் மாறும், வடிவமும் மாறும். போன மாச அட்டையில மிச்சம் நாலு மாத்திரை இருக்கும். புது அட்டை வேற மருந்துனு நினைச்சு ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்குவார். சுகர் மாத்திரை டபுள் ஆனா சர்க்கரை தடால்னு இறங்கி மயக்கம் வரைக்கும் போகும். பிராண்ட் மாறின அன்னிக்கே பழைய அட்டையைத் தனியா எடுத்து வெச்சுட்டு, 'இதுக்குப் பதில்தான் இது'னு வாயால சொல்லிக் காட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை, பெரிய ஆபத்து தப்பும்.

வாலைப் பாருங்க!

மாத்திரைப் பேருக்குப் பின்னால ஒரு குட்டி வால் இருக்கும். அதுலதான் விஷயமே. பிரஷருக்குத் தர்ற டெல்மிசார்டன் 40 வேற. அதுக்குப் பின்னாடி 'ஏ.எம்.'னு இருந்தா அம்லோடிபின்னு இன்னொரு பிரஷர் மருந்தும் சேர்ந்திருக்கு. 'ஹெச்'னு இருந்தா சிறுநீரை அதிகமா போக வைக்கிற மருந்து சேர்ந்திருக்கு. சுகருக்கான மெட்பார்மின் வேற. 'எஸ்.ஆர்.' வால் உள்ளது மெதுவா கரையற ரகம், அதை உடைச்சோ பொடி பண்ணியோ கொடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரையில 25-க்கும் 100-க்கும் நாலு மடங்கு வித்தியாசம். அதுவும் மில்லிகிராம் இல்லை, மைக்ரோகிராம்!

பேர் குழப்பம் நம்ம ஊர்ல மட்டும் இல்லை. அமெரிக்காவுல 'லோசெக்'னு ஒரு அல்சர் மாத்திரை. அதை, உடம்புல தேங்குற நீரை இறக்குற 'லேசிக்ஸ்' மாத்திரையோட குழப்பிக்கிட்டாங்க. கடைசியில 1990-ல அந்த மருந்தோட பேரையே 'பிரைலோசெக்'னு மாத்த வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணு. மூட்டுவாதத்துக்குத் தர்ற மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணும். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. சீட்டுல '1-0-1'னு இருந்தா காலையும் இரவும்னு நமக்குத் தெரியும். 'வாரம் ஒரு முறை'ங்கிறதை யாராவது கண்ணுல படுற மாதிரி எழுதி வெச்சாத்தானே தெரியும்? அந்த யாரோ, நீங்கதான்.

கையெழுத்து புரியலையா? தலையெழுத்தேன்னு விட்டுடாதீங்க. மருந்தோட ஜெனரிக் பேரை, புரியற மாதிரி, முடிஞ்சா கேப்பிட்டல் லெட்டர்ல எழுதணும்னு 2016-லேயே டாக்டர்களுக்கு இந்திய மருத்துவக் கவுன்சில் விதி போட்டிருக்கு. 'சார், கொஞ்சம் தெளிவா எழுதித் தாங்க'னு கேட்க நமக்கு உரிமை உண்டு.

கவுன்ட்டர்ல கேட்க நாலு கேள்வி

'பார்மசிஸ்ட் யாரு?' - 1948-ம் வருஷ பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தர வேண்டியது பதிவு பெற்ற மருந்தாளுநர். எப்போ போடணும், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியானு அவர்கிட்டயே கேளுங்க. விளக்க வேண்டியது அவர் வேலை.

'அஞ்சு மாத்திரை மட்டும் தர முடியுமா?' - அட்டையை வெட்டி வித்தா, ஒரு மாத்திரைக்கு என்ன கணக்கோ அதுக்கு மேல வாங்கக் கூடாதுனு 2013-ம் வருஷ மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு சொல்லுது. வெட்டும்போது எக்ஸ்பைரி தேதியும் பேட்ச் நம்பரும் இருக்கிற பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்க, முடிஞ்சா போட்டோ எடுத்துக்குங்க.

'போன் நம்பர் கட்டாயமா?' - தள்ளுபடி கார்டுக்கு வேணும்னா கொடுங்க. நம்பர் தந்தாத்தான் பொருள்னு கடைகள் அடம் பிடிக்கக் கூடாதுனு 2023-ல மத்திய நுகர்வோர் துறை சொல்லியிருக்கு. ஆனா, சில ஆன்டிபயாடிக் உள்ளிட்ட 'ஷெட்யூல் ஹெச்1' மருந்துகளுக்கு நோயாளி பேரையும் டாக்டர் பேரையும் கடையில பதிவு பண்ணியே ஆகணும். அது 2014-ல இருந்து அமலில் இருக்கிற விதி, அதைக் கேட்டா கோவிச்சுக்காதீங்க.

'பில் எங்கே?' - பில் இல்லாம நகராதீங்க. தப்பான மருந்து வந்திருந்தா, அந்தப் பேட்ச் நம்பர் உள்ள பில்தான் உங்க ஆயுதம். பேசிப் பார்த்தும் சரியாகலைன்னா மருந்து ஆய்வாளர்கிட்ட புகார் தரலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அடிக்கலாம்.

தள்ளுபடியை விட மலிவு

செயின் கடையில தர்ற தள்ளுபடியைப் பார்த்து மயங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. ஜெனரிக் பேர்ல சீட்டு இருந்தா, 2008-ல ஆரம்பிச்ச மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரியில தமிழ்நாடு முழுக்க ஆயிரம் கடைகளோட திறந்த முதல்வர் மருந்தகத்துலயும் அதே மருந்து ரொம்பக் குறைவான விலைக்குக் கிடைக்கலாம். சுகர், பிரஷர் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில இலவசம். 2021-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பேர் கொடுத்தா, அது வீடு தேடியே வரும். காசு இல்லைன்னு தறிப் பள்ளத்துல உட்கார்ந்தபடியே மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுற பெரியவங்க நம்ம தெருவுலயே இருக்காங்க. அவங்களுக்கு இந்தத் தகவல், எந்தத் தள்ளுபடியையும் விடப் பெருசு.

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை. வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்து, சீட்டோட பக்கத்துல வைங்க. பேர், வால், அளவு, எக்ஸ்பைரி... நாலையும் ஒப்பிடுங்க. அப்புறம் ஒரு பேப்பர்ல தமிழ்ல, பெருசா எழுதி பீரோ கதவுல ஒட்டுங்க. ஜரிகை பார்க்கத் தெரிஞ்ச ஊரு நம்மளுது. அட்டை பார்க்க எவ்வளவு நேரம் ஆகிடப் போகுது?