சினைப் பூனைக்கும் குட்டிகளுக்கும் மீன் கொழுப்பு

காலபோக அறுவடை முடிந்து நெல் கொம்பறைக்கும் சாக்குக்கும் வந்து சேர்ந்ததும், எலியும் உடன் வந்து சேர்கின்றது. அது தின்னும் நெல் ஒரு பங்கு. எச்சத்தாலும் சிறுநீராலும் பழுதாக்கும் நெல் வேறு. இதற்குக் காவலாகப் பூனை வளர்க்கும் கமக்காரர் பலர், வயிறு நிறைந்த பூனை எலி பிடியாதெனக் கருதி, அதற்குச் சோறும் சொதியும் மட்டுமே இடுகின்றனர். இது சரியன்று. பசியில்லாத பூனையும் வேட்டையாடும். உணவுக் குறைவாற் கெடுவன சினையும் குட்டிகளுமேயாம்.

இதன் காரணத்தை அறிந்துகொள்ளல் நன்று. நல்லெண்ணெய் முதலியவற்றில் இலினோலெயிக்கமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்பு உண்டு. மனிதர் உடல் அதிலிருந்து அராக்கிடோனிக்கமிலம் என்னும் வேறொரு கொழுப்பை ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலோ இதனைப் போதிய அளவில் ஆக்கமாட்டாதென 1975ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இக்கொழுப்புக் கிடையாத பெண் பூனைகள் உயிருள்ள குட்டிகளை ஈனவில்லையென 1984ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் நடந்த சோதனை காட்டியது. மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்போ குட்டிகளின் மூளையும் கண்ணும் வளர உதவுகின்றது. தேங்காயெண்ணெய் இவற்றுள் எதற்கும் ஈடாகாது.

எலி பிடிக்கும் பூனைக்கு அராக்கிடோனிக்கமிலம் எலியின் உடலிலிருந்தே கிடைக்கும். ஆனால் சினைக்காலமாகிய ஏறக்குறைய 9 வாரத்தின் பிற்பகுதியிலும், பாலூட்டுங் காலத்திலும் வேட்டை குறையும், தேவையோ கூடும். அப்போது நாமே கொடுத்தல் வேண்டும்.

கொடுக்கும் முறை:

1. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் சூடை, சாளை போன்ற மீனை உப்பும் புளியும் இடாது அவித்து, முள் நீக்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிறிதளவு கொடுக்கவும்.

2. மற்றைய நாட்களில் அவித்த முட்டை, கோழிக்குடல், இறைச்சித் துண்டு ஆகியவற்றை அவித்துக் கொடுக்கவும். ஈரல் சிறிதளவே போதும்.

3. குட்டிகளுக்கு நான்காம் வாரந்தொட்டு இதே உணவை மசித்துப் பழக்கவும்.

விலக்க வேண்டியவை: கொழுப்பு மீனை மட்டுமே நாள்தோறும் கொடுத்தால் உடற்கொழுப்பு அழற்சி நோய் உண்டாகலாம். சிலவகை மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் தயமின் என்னும் உயிர்ச்சத்து அழியும். வெங்காயம் சேர்ந்த சொதி குருதியைக் கெடுக்கும். கடைகளில் விற்கும் மீனெண்ணெய்க் குளிகைகள் அராக்கிடோனிக்கமிலத்துக்கு ஈடல்ல. மீன் ஈரலெண்ணெய் மிகுந்தால் எலும்பு கெடும். இவற்றை மிருக வைத்தியரைக் கேட்டே கொடுக்கவும். பூனை நடமாடும் இடத்தில் எலிநஞ்சு வைத்தலும் ஆகாது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் இறக்கக்கூடும்.

குட்டிகள் வேட்டையைத் தாயிடமிருந்தே பழகுகின்றன. நன்கு ஊட்டப்பெற்ற தாய்ப்பூனை ஒன்று இருப்பின், அடுத்த போகத்து நெல்லுக்கும் காவல் உண்டு.