சோர்வு உடலிலா, உள்ளத்திலா?

கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பெயர். மலையகத் தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு இது. முன்போல் பறிக்க இயலாத பெண்ணுக்கு இரத்தச்சோகையா, தைரொயிட் குறைபாடா, மனச்சோர்வா என்று அக்கணக்கு கேட்பதில்லை. சிகிச்சையளிப்போராவது கேட்க வேண்டுமல்லவா?

ஆனால் அவர்களுக்கும் இது எளிதான கேள்வியன்று. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை ஆகிய மனச்சோர்வின் அறிகுறிகள் பல உடல் நோய்களிலும் தோன்றுகின்றன. பார்க்கின்சன் நோயாளியின் முகம் நோயினாலேயே உணர்ச்சியற்றுக் காணப்படும். குரல் தாழும், நடை தளரும். அவர் கவலையில் ஆழ்ந்திருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறு இல்லாமலும் இருக்கலாம். மறுபுறம், பாரிசவாதத்துக்கு உள்ளானோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வும் பீடிக்கின்றது. பேச்சிழந்தவர் அதை யாரிடம், எவ்வாறு உரைப்பார்?

எல்லா அறிகுறிகளையும் கணக்கிட்டால் மனச்சோர்வு இல்லாதவரும் நோயாளியாகிவிடுவார். உடல் சார்ந்தவற்றை முற்றாக நீக்கினால் உண்மையான நோயாளி தவறிவிடுவார். இதனாலேயே 1983இல் ஸிக்மண்ட், ஸ்னெய்த் ஆகிய இருவரும் வைத்தியசாலை நோயாளருக்கென வகுத்த வினாக்கொத்து, உடலறிகுறிகளைத் தவிர்த்து, மகிழ்ச்சியும் நாட்டமும் குன்றியுள்ளனவா என்பதையே பெரிதும் வினவுகின்றது.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு, உடல் நோயின் நேரடி விளைவாகத் தோன்றும் மனநிலைக் கோளாற்றைத் தனி வகையாக வைத்துள்ளது. தைரொயிட் சுரப்புக் குறைவால் வந்த சோர்வு, அக்குறைவைச் சீர்செய்தால் பெரும்பாலும் தணியும். "கை விழுந்துவிட்டது, இனி யார் சோறு போடுவார்?" என்ற ஏக்கத்தில் வந்த சோர்வு அவ்வாறு தணியாது. அதற்கு ஆறுதலும் ஆலோசனையும், தேவையெனில் மருந்தும் வேண்டும். ஒரே நோயாளியிடம் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. வகைப்பாடு என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எந்தச் சிகிச்சை என்பதை அதுவே தீர்மானிக்கின்றது.

லயத்தில் வாழும் ஒருவர் "மனம் சரியில்லை" என்று மருந்து கேட்டு வருவது அரிது. "உடம்புக்கு முடியவில்லை" என்றே வருவார். டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதாயின் நாட்கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். ஆகவே முதற்கேள்வி தோட்ட மருந்தகத்திலேயே கேட்கப்பட வேண்டும். இரு வாரங்களாக மனம் சோர்ந்துள்ளதா? முன்பு விரும்பியவற்றில் இப்போது நாட்டம் இல்லையா? இவ்விரண்டையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். தமிழ் பேசும் நோயாளியிடம், அவர் தமிழரானாலும் முஸ்லிமானாலும், அவற்றைத் தமிழிலேயே கேட்க வேண்டும். "ஆம்" என்பவரை வலிமாத்திரையுடன் திருப்பி அனுப்பாமல், இரத்தப் பரிசோதனைக்கும் மனநல வைத்தியரிடமும் அனுப்புவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் சம்பளத்துடன் ஒருநாள் விடுப்பு வழங்க வேண்டுமென நாம் கோருகின்றோம்.