அளவுகோலை நாமே செய்வோம்

அளந்து கொடுத்தவர் கையில்தான் ஊரின் அதிகாரம் இருந்தது. குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி நெல் கொடுக்க வேறொரு மரக்கால் என்று ஏய்த்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அளவுகோல் யார் கையில் என்பது இன்றும் நமக்கு வாழ்வாதாரக் கேள்வி.

மரக்காணம் உப்பளங்களில் ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். மீண்டும் பாத்தி கட்டும்வரை கூலி இல்லை. உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் உப்பு வார மரப்பலகைதான் வேண்டும். அதைச் செய்யவும், கதவு, கட்டில், பெஞ்சு பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டால் மழை மாதங்களிலும் அடுப்பெரியும். தச்சு இன்னாருக்கே உரியது என்று சாதி போட்ட வேலி ஒரு தடை. கருவி வாங்கக் காசில்லாதது மறு தடை. இரண்டாவதைப் பெருமளவு வீட்டிலேயே தாண்டலாம்.

ஒரு கயிற்றில் சம இடைவெளியில் 12 பங்கு குறியுங்கள். 3, 4, 5 பங்காக முக்கோணம் கட்டி இழுத்தால் 3-க்கும் 4-க்கும் நடுவே செங்கோணம் கிடைக்கும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இது. அதை வைத்து இரண்டு சட்டங்களைச் சேர்த்து ஆணியடித்தால் மூலைமட்டம் தயார். சரிபார்க்க, நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாய்ப் படிந்தால் மட்டம் சரி. விலகினால், விலகலில் பாதிதான் பிழை.

ரசமட்டம் இல்லையா? நிறம் கலந்த நீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் கண்ணாடி டியூபில் நிரப்புங்கள். இரு முனைகளையும் திறந்து தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும்.

ஒரே நீளத்தில் 10 சட்டம் அறுக்க ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்தால் நூலளவாவது மாறும். மேசையில் ஒரு தடுப்புக் கட்டையை அடித்து, அறுக்கும் இடத்தையும் குறித்துவிடுங்கள். கட்டையில் முட்ட வைத்து அறுத்தால் பத்தும் ஒன்றுபோல வரும்.

சாதி, தொழிலாளர்களையே கூறுபோடுகிறது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையோடு வந்தபோது தமிழ்நாடு மறுத்ததும் இதனால்தான். மாற்றாக 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலை உட்பட 25 தொழில்கள் உள்ளன. 3 லட்சம் ரூபாய் வரை கடன்; 25 விழுக்காடு, அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியம். பரம்பரைத் தொழிலா என்ற கேள்வி இல்லை. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

மாணவத் தம்பி, தங்கைகளே! விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்துக்கு அப்பா, அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். மூலைமட்டத்தை இந்த ஞாயிறே செய்யத் தொடங்கலாம்.