வேர்ப் பவுடர் வாங்கும் முன்…

மழைக்காலம் நெருங்கினால் போதும், எங்கள் பகுதி உரக்கடைகளில் ஒரு சின்ன டப்பா முன்வரிசைக்கு வந்துவிடும். "குச்சியை இதுல தொட்டு நட்டா நூத்துக்கு நூறு வேர் பிடிக்கும் சார்" என்பார்கள். பக்கத்திலேயே பச்சை எழுத்தில் 'ஆர்கானிக்' என்று போட்ட இன்னொரு பாட்டில். அதற்கு விலை இன்னும் கூட. இரண்டில் எதை வாங்குவது என்று எங்கள் குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கடன் விண்ணப்பம் பார்த்தவன் நான். எவ்வளவு வேண்டும் என்று வந்து நிற்பவரிடம், எதுக்கு வேண்டும் என்று முதலில் கேட்பதுதான் அங்கே பழக்கம். வேர்த்தூண்டி விஷயத்திலும் அப்படித்தான். எந்த டப்பா என்பது கடைசிக் கேள்வி. எந்தச் செடிக்கு என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பேருக்கு டப்பாவே தேவைப்படாது.

செடிக்குள்ளேயே இருக்கும் சரக்கு

வேர் விடச் சொல்லும் பொருள் செடிக்குள்ளேயே உற்பத்தியாகிறது. அதற்கு ஆக்சின் என்று பெயர். கொழுந்திலும் இளம் இலையிலும் உருவாகி, தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டினால் இறங்கி வந்த ஆக்சின் வெட்டுவாயில் வந்து தேங்குகிறது. அங்கேதான் வேர் புறப்படுகிறது. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு என்று பெரியவர்கள் சொன்னதும், குச்சியைத் தலைகீழாக நட்டால் பிடிக்காது என்பதும் இதனால்தான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த வென்ட் என்பவர் ஓட்ஸ் முளையை வைத்துச் சோதனை செய்து, இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று 1920-களில் காட்டினார். அதன்பின் 1934-ல் அதே நாட்டில் கோகல் குழுவினர் ஐ.ஏ.ஏ. என்ற ஆக்சினைப் பிரித்து எடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமா? மனித மூத்திரத்திலிருந்து! கோமியத்தைக் கேலி பேசுகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

ஐ.ஏ.ஏ.வுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளிச்சத்திலும், செடியின் சொந்த நொதிகளாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். 1935-ல் அமெரிக்காவில் உள்ள பாய்ஸ் தாம்சன் நிறுவனத்தில், ஐ.பி.ஏ., என்.ஏ.ஏ. என்ற இரண்டும் அதைவிட உறுதியாக நின்று வேரைத் தூண்டுகின்றன என்று கண்டார்கள். இன்று கடையில் விற்கும் வேர்ப் பவுடர் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. ஐ.பி.ஏ. கொஞ்சம் சாது. என்.ஏ.ஏ. வேகமானது. அளவு கூடினால் அடித்தண்டு கருகும், மொட்டு விரியாமல் அடங்கிப்போகும்.

எந்தச் செடிக்கு எது?

நான் செடிகளை மூன்று கணக்காகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதல் கணக்கு, கேட்காமலே வேர் விடுபவை. வேலிக்கு வைக்கும் கிளுவை, கிளைரிசிடியா, முருங்கைப் போத்து, மல்பெரி, மரவள்ளிக் குச்சி, வெற்றிலைக் கொடி. இவற்றின் தண்டிலேயே தேவையான சரக்கு இருக்கிறது. இதற்குப் போய் ஹார்மோன் வாங்குவது, வட்டி தேவையில்லாதவருக்குக் கடன் கொடுப்பது மாதிரி. முருங்கைப் போத்தின் மேல்வெட்டில் சாணியை அப்பி வைத்தால் போதும். அது வேருக்காக இல்லை, வெட்டுவாய் காயாமலும் மழைத் தண்ணீர் இறங்கி அழுகாமலும் இருப்பதற்கு.

இரண்டாவது கணக்கு, கேட்டால் கொடுப்பவை. மாதுளை, அத்தி, திராட்சை, மல்லிகை, ரோஜா, மிளகு. தரமான குச்சியை எடுத்து, சரியான பருவத்தில் நட்டால் ஹார்மோன் இல்லாமலும் வேர் வரும். ஹார்மோன் வைத்தால் சீக்கிரமாகவும், ஒரே சீராகவும், அதிகக் குச்சிகளிலும் வரும். டப்பாவைப் பற்றி யோசிக்க வேண்டியது இந்தக் கணக்குக்கு மட்டும்தான்.

மூன்றாவது கணக்கு, கெஞ்சினாலும் கொடுக்காதவை. மா, சப்போட்டா, நெல்லி. சாதாரணத் தோட்டத்து வசதியில் இவற்றைக் குச்சியில் வேர் விட வைப்பது வீண் வேலை. மாவுக்கும் நெல்லிக்கும் ஒட்டு இருக்கிறது. சப்போட்டாவைப் பாலா செடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் பதியன் உண்டு. விண்பதியனில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னை நார்க்கழிவு வைத்துப் பாலித்தீன் சுற்றிக் கட்டுகிறோம் அல்லவா? மேலே இலையிலிருந்து இறங்கும் ஆக்சினும் மாவுச்சத்தும் அந்த வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கி அங்கே வேர் விடுகிறது. தாய்மரமே ஹார்மோன் சப்ளை செய்கிறது. ஆடி, ஆவணியில் காற்றில் ஈரம் இருக்கும்போது கட்டினால் நல்லது.

கடைச் சரக்கும் சான்றிதழும்

இப்போது இரண்டாவது கணக்குக்காரர்களுக்கு வருவோம். ரசாயன விவசாயம் செய்கிறவருக்குக் கேள்வி சுலபம். இளந்தண்டுக்குக் குறைந்த அளவு, பாதி முதிர்ந்த தண்டுக்கு நடுத்தரம், முதிர்ந்த தண்டுக்கு அதிகம். ஐ.பி.ஏ. என்றால் பொதுவாக 1000 முதல் 3000 பி.பி.எம். வரை. 1000 பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு கிராம். சில விநாடிகள் முக்கி எடுத்து நடுவார்கள்.

நமக்கு அப்படி இல்லை. அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டத்தின் விதிகளில், செயற்கை வளர்ச்சி ஊக்கிகள் தடை செய்யப்பட்டவை. ஐ.பி.ஏ.வும் என்.ஏ.ஏ.வும் ஆலையில் தயாரித்தவை, ஆகவே கூடாது. "ஐ.பி.ஏ. செடியிலேயும் கொஞ்சம் இருக்காமே சார், அப்ப அது இயற்கைதானே?" என்று எங்கள் குழுவில் படித்த தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. செடியில் கொஞ்சம் இருப்பது உண்மை. ஆனால் டப்பாவில் இருப்பது செடியிலிருந்து எடுத்தது இல்லை. விதி பார்ப்பது பெயரை அல்ல, தயாரித்த வழியை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு குச்சியில் ஒட்டுவது மில்லிகிராம் கணக்கு. மூன்று வருஷம் கழித்துக் காய்க்கும் மாதுளையில் அது மிச்சம் இருந்து யாருக்கும் கெடுதல் செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பயமுறுத்தி நம் விவசாயத்தை விற்க வேண்டியதில்லை. இங்கே பிரச்சினை வேறு. பழமரம் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாறுதல் காலமே மூன்று வருஷம். அந்தக் காலத்துக்கு நடுவில் தடை செய்த பொருள் ஒன்றைப் பயன்படுத்தினால், இதுவரை காத்திருந்ததே கேள்விக்குள்ளாகும். பங்கேற்பு உத்தரவாத முறையில் இருக்கும் குழுக்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. அங்கே ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம். வங்கியில் ஜாமீன் போட்டவர் படும் பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருத்தர் வைத்த பவுடருக்கு மொத்தக் குழுவும் பதில் சொல்லும் நிலை வரக் கூடாது.

வெளியே நர்சரியில் கன்று வாங்கினாலும் இதே கேள்வி இருக்கிறது. அங்ககக் கன்று கிடைக்காதபோது ரசாயன நேர்த்தி செய்யாத சாதாரணக் கன்று வாங்க விதி இடம் தருகிறது. ஆகவே வாங்கும்போதே என்ன நேர்த்தி செய்தார்கள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் நடும் முன் சான்றளிப்பு அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது. நட்ட பிறகு கேட்பது விளக்கம் கொடுப்பதில் போய் முடியும்.

'ஆர்கானிக்' பாட்டிலுக்கு ஒரே ஒரு சோதனைதான். லேபிளில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? கடல்பாசிச் சாறு, ஹியூமிக் போன்ற உயிரி ஊக்கிகள் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. பொருளும் அளவும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாமல் 'அற்புத வேர் டானிக்' என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாயமாக வேலை செய்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். உள்ளே என்.ஏ.ஏ. இருக்கலாம்.

நம் வீட்டுச் சரக்கு

நம்மிடம் இருப்பவற்றையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் 'இயற்கை ஹார்மோன்' என்று ஒரே பையில் போடுவது சரியில்லை. ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

சாணி: வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே பலா, மாதுளை, திராட்சை போன்றவற்றின் தண்டில் சாணம் பூசி நடும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆறாம் நூற்றாண்டு நூல் அது. சாணியின் நுண்ணுயிர்களில் ஆக்சின் சுரப்பவையும் உண்டு. ஆனால் புதுச் சாணியைக் குச்சியின் அடியில் கெட்டியாக அப்பினால் சூடும் அழுகலும் வரும். அடிக்கு வடிகட்டிய சாணிப்பால், மேல்வெட்டுக்குக் கெட்டிச் சாணி.

பஞ்சகவ்யா: 3 சதவீதக் கரைசல், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. கரும்புக் கரணை, மஞ்சள் கிழங்குக்குச் சொல்லும் அதே 30 நிமிட ஊறல் குச்சிக்கும் ஏற்றது.

அசோஸ்பைரில்லம்: இது வேர்ப் பகுதியில் தங்கி ஐ.ஏ.ஏ. சுரக்கும் பாக்டீரியா. நம் விதிக்குள் கிடைக்கும் வேர்த்தூண்டி என்று நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காலாவதித் தேதி பார்த்து வாங்கி, குழம்பாகக் கரைத்து அடித்தண்டை முக்கி நடலாம். கலவையிலும் கொஞ்சம் சேர்க்கலாம்.

சூடோமோனாஸ், ட்ரைக்கோடெர்மா: அழுகல் தடுக்க. நாற்றங்காலில் சாகும் குச்சிகளில் பல, ஹார்மோன் இல்லாமல் சாவதில்லை. அடி அழுகித்தான் சாகின்றன.

தேன்: இதில் சொல்லிக்கொள்ளும்படி வேர் ஹார்மோன் கிடையாது. கிருமியைத் தடுக்கும், அவ்வளவுதான். எறும்பும் வரும்.

சோற்றுக்கற்றாழை: வெட்டுவாயில் ஈரம் காக்கும். உயிர் உரப் பொடி ஒட்டுவதற்கு நல்ல பசை.

இளநீர்: 1941-லேயே திசு வளர்ப்பில் பயன்படுத்தத் தொடங்கிய பொருள். ஆனால் அதில் உள்ள சைட்டோகைனின் துளிர்ப்பைத் தூண்டுவது. அது கூடினால் வேர் பின்வாங்கும். இனிப்பு இருப்பதால் பூஞ்சணமும் வரும். புது இளநீரைத் தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் மட்டும் பயன்படுத்தலாம்.

முருங்கை இலைச்சாறு: இதுவும் அதே வகை. குச்சியை ஊற வைக்க வேண்டாம். வேர் பிடித்து இலை வந்த பிறகு 3 சதவீதமாகத் தெளியுங்கள்.

டப்பாவைவிடப் பெரிய விஷயம்

எந்தத் தூண்டியும் மோசமான குச்சியைக் காப்பாற்றாது. நன்றாகக் காய்த்த, நோயில்லாத தாய்மரத்தை முந்தின வருஷமே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பூவும் பிஞ்சும் இல்லாத கிளையில் பென்சில் கனமுள்ள, மூன்று நான்கு கணு உள்ள குச்சியைக் காலையிலேயே வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலுக்குக் கொண்டு வாருங்கள். அடியில் சாய்வு வெட்டு, மேலே நேர் வெட்டு. எது தலை எது கால் என்ற குழப்பம் வராது.

மணல், செம்மண், மட்கிய நார்க்கழிவு சம அளவு. வேர் வரும்வரை தொழுஉரம் அதிகம் வேண்டாம். பையில் ஓட்டை சரியாக இருக்கட்டும். பாதி நிழல் தரும் வலை, மேலே பாலித்தீன் கூடாரம். உப்புத் தண்ணீர் உள்ள போர்வெல் என்றால் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை நாற்றங்காலுக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று. தழைஞ்சுடுச்சு என்று உடனே சந்தோஷப்படாதீர்கள். குச்சி தன் சேமிப்பை எடுத்துச் செலவு செய்து தளிர்க்கிறது. வரவு, அதாவது வேர், வந்ததா என்று 45 நாளுக்குப் பிறகு இரண்டொரு பையைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீங்களே கணக்கு எழுதுங்கள்

என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே மரத்தில், ஒரே நாளில், ஒரே கனத்தில் நூறு குச்சி வெட்டுங்கள். 25 குச்சியை ஒன்றும் தொடாமல் நடுங்கள். 25 சாணிப்பாலில், 25 பஞ்சகவ்யாவில், 25 அசோஸ்பைரில்லத்தில். மண், நிழல், தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். 60 நாள் கழித்து உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணாமல், வேர் விட்டதை எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

அந்த வெறும் 25-தான் முக்கியம். ஒன்றும் வைக்காமலே இருபதுக்கு மேல் வேர் பிடித்திருந்தால், உங்கள் மண்ணுக்கும் உங்கள் மரத்துக்கும் எந்தத் தூண்டியும் தேவையில்லை. ஐந்தாறு மட்டும் பிடித்து, மற்ற வரிசையில் பதினைந்து பிடித்திருந்தால், உங்களுக்கு ஏற்ற தூண்டி எது என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும். நாலு வரிசையும் தோற்றால் குறை பருவத்திலோ குச்சியிலோ தண்ணீரிலோ இருக்கிறது. அல்லது அது பதியனுக்கும் ஒட்டுக்கும் உரிய செடி.

இந்தப் பருவத்திலேயே செய்து பாருங்கள். மரம், மாதம், மண், எண்ணிக்கை நான்கையும் குறித்து நம் இதழுக்கு எழுதுங்கள். தோற்ற வரிசையையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த ஊர்க்காரருக்கு அதுதான் அதிகம் பயன்படும்.