இடித்த சுவர் எங்கே போகிறது?

டெல்லியில் ஒரு குறுகிய சந்து. அதில் ஒரு பழைய வீடு. வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. வீட்டில் இடம் போதவில்லை. பின்பக்கச் சுவரை இடித்துவிட்டு ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்தார். மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இரண்டு நாளில் இடித்துவிடலாம் ஐயா. மல்பாவை எங்கே போடுவது? அதை முதலில் சொல்லுங்கள்."

இடிந்த செங்கல், காரை, மண் எல்லாவற்றையும் சேர்த்து டெல்லியில் மல்பா என்பார்கள். நம் ஊரில் ரப்பிஷ் என்கிறோம். கட்டடக் கழிவு என்பது புத்தகத்தில் எழுதும் பெயர்.

"வாசலில் குவித்து வையுங்கள். யாராவது எடுத்துப் போவார்கள்" என்றார் வீட்டுக்காரர்.

"யாரும் எடுக்க மாட்டார்கள் ஐயா. மழை வந்தால் சாக்கடைதான் எடுத்துக்கொள்ளும்" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி சொன்னது விளையாட்டுப் பேச்சு அல்ல. தெருவில் குவித்த மண்ணும் காரையும் மழையில் கரையும். சாக்கடைக்குள் இறங்கும். அடியில் படிந்து இறுகும். குப்பை என்றால் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். காரையோ சிமென்ட்டுப் போல அங்கேயே நிற்கும். அடுத்த மழையில் தண்ணீர் போக வழி இருக்காது. வீட்டுக்குள் வரும். யார் வீட்டுக்குள்? கொட்டியவர் வீட்டுக்குள்ளும் வரும்.

ஒரு சுவரில் எவ்வளவு கழிவு?

ஒரு சுவர்தானே என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுவர் 10 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலத் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 1,000 செங்கல் இருக்கும். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. செங்கல் மட்டுமே 3 டன் ஆகிறது. நடுவில் உள்ள காரையையும் மேல்பூச்சையும் சேர்த்தால் 4 டன் வரும். ஒரு டன் என்பது 1,000 கிலோ. சிறிய நான்கு சக்கர டெம்போ ஒரு நடைக்கு முக்கால் டன்தான் ஏற்றலாம். அப்படியானால் ஒரே ஒரு சுவருக்கு ஐந்தாறு நடை.

நின்றபோது சுவர் கொஞ்ச இடத்தைத்தான் அடைத்தது. இடித்த பிறகு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி வந்துவிடும். குவியல் சுவரைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே இடிப்பதற்கு முன்பே வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இடித்த பிறகு வண்டி தேடுகிறவர் அவசரத்தில் யாரிடமாவது பணத்தைக் கொடுத்து, "எங்காவது கொட்டிவிடு" என்பார்.

அந்த "எங்காவது" எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் ஏரிக் கரையில், ஓடை ஓரத்தில், ஆற்றுப் படுகையில். டெல்லியில் யமுனைக் கரையில் பல ஆண்டுகளாக லாரி லாரியாகக் கொட்டினார்கள். வெள்ளம் பரவ வேண்டிய நிலம் மேடாகிப் போனது. 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. யமுனைப் படுகையில் கட்டடக் கழிவு கொட்டுகிறவர் 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2015-இல் இன்னோர் உத்தரவு வந்தது. கட்டடப் பொருளையோ கழிவையோ தூசி பறக்க ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, டெல்லியில் ஒவ்வொரு தடவையும் 5,000 ரூபாய் என்றது அது.

தொட்டியும் வண்டியும்

வேலை நடக்கும் இடத்தில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு வைப்பது ஒரு வழி. லாரி வந்து காலித் தொட்டியை இறக்கிவிட்டுப் போகும். நிரம்பியதும் வந்து தூக்கிக்கொண்டு போகும். கழிவு தெருவில் சிதறாது. சித்தாள்கள் இரண்டு தடவை அள்ள வேண்டியது இல்லை. பாண்டில் சுமந்து வந்து நேரே தொட்டியில் கொட்டலாம்.

இந்தத் தொட்டியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 100 கன அடியைக் கட்டட வேலையில் ஒரு யூனிட் என்கிறோம். ஒரு யூனிட் தொட்டி நிறைய அட்டையும் மரத்தூளும் போட்டால் லாரி சுலபமாகத் தூக்கும். அதே தொட்டியில் உடைந்த செங்கலைப் போட்டால் மூன்றரை, நான்கு டன் ஆகிவிடும். அதனால்தான் விளிம்புக்கு மேல் குவிக்கக் கூடாது என்கிறார்கள். குவித்தால் பாரம் அளவை மீறும். வழியில் கல் விழும். பின்னால் வருகிற சைக்கிள்காரர் தலையிலும் விழலாம். விளிம்பு வரை நிரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி அனுப்ப வேண்டும்.

வாடகை பேசும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. எத்தனை நாளுக்கு வாடகை? நடைக்கு இவ்வளவா, எடைக்கு இவ்வளவா? கழிவை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு நேராகப் பதில் சொல்லாத வண்டிக்காரர் குறைந்த வாடகை கேட்டாலும் வேண்டாம். தொட்டியைத் தெருவில் வைப்பதாக இருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆம்புலன்ஸ் போக இடம் விட வேண்டும். சாக்கடை மூடியை மறைக்கக் கூடாது.

சந்து குறுகலாக இருந்தால் தொட்டி நுழையாது. பழைய டெல்லியின் சில சந்துகளில் இன்றும் கழுதையும் கோவேறு கழுதையும்தான் மல்பா சுமக்கின்றன. மற்ற இடங்களில் சாக்கில் கட்டி, சந்து முனை வரை தூக்கி வந்து, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றுகிறார்கள். சாக்கை அரை அளவுக்கு மேல் நிரப்பினால் ஓர் ஆள் தூக்க முடியாது. இடுப்புப் பிடித்துக்கொண்டால் மறுநாள் கூலி போய்விடும்.

பிரித்தால் பணம், கலந்தால் பாரம்

மேஸ்திரி அந்த வீட்டில் ஒரு வேலை செய்தார். சுவரை ஒரேயடியாகத் தள்ளவில்லை. மேலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றினார். அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர். கரண்டியால் தட்டியதும் காரை உதிர்ந்தது. முழுச் செங்கல்லாகவே 300 கிடைத்தது. சிமென்ட்டில் கட்டியதாக இருந்தால் இவ்வளவு கிடைக்காது. சிமென்ட் விடாது. செங்கல்தான் உடையும். பழைய ஆட்கள் கட்டிய வீட்டைப் பிரித்துத் திரும்பவும் கட்ட முடிந்தது என்பது உண்மைதான்.

எடுத்த செங்கல் எல்லாமே மறுபடி கட்ட உதவாது. உப்புப் பூத்த செங்கல்லைத் தள்ளிவிட வேண்டும். இரண்டு செங்கல்லை ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேண்டாம்.

கம்பி, ஜன்னல் சட்டம், குழாய் ஆகியவை பழைய இரும்புக் கடைக்குப் போகும். கதவு, நிலை, உத்தரம் ஆகியவற்றைப் பழைய மரம் வாங்குகிறவர் கேட்டு வருவார். உடைந்த செங்கல்லில் ஒரு பகுதி புது அறையின் தரைக்கு அடியில் நிரப்ப உதவும். மிச்சம்தான் வண்டிக்கு.

எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டால் என்ன ஆகும்? சோற்று மிச்சம், பிளாஸ்டிக் பை, துணி எல்லாம் கலந்துவிட்டால் அரைக்கும் ஆலையில் அதைப் பிரிப்பதே பெரிய பாடு. வீட்டுக் குப்பையைக் கட்டடக் கழிவோடு சேர்க்கவே கூடாது. பெயின்ட் டப்பா, டியூப் லைட் ஆகியவையும் தனியே இருக்க வேண்டும். டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. அது விஷம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதைச் சுத்தியலால் உடைக்கக் கூடாது. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கும். பல ஆண்டுக்குப் பிறகு புற்றுநோய் வரலாம். ஓட்டைத் தண்ணீரால் நனைத்து, முழுசாகக் கழற்றி, மூடித் தனியே வைக்க வேண்டும். எங்கே சேர்ப்பது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தூசியைச் சும்மா விடக் கூடாது

செங்கல், கான்கிரீட், கல் ஆகியவற்றின் தூசியில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, தெரியாத நுண்ணிய தூசிதான் நுரையீரலின் அடி வரை போகும். போனது வெளியே வராது. வருடக்கணக்கில் இந்தத் தூசியில் வேலை செய்கிறவருக்கு சிலிகோசிஸ் என்ற நோய் வரும். முதலில் இருமல். பிறகு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். காச நோயும் சுலபமாகத் தொற்றும். சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

தடுக்க வழி என்ன? தண்ணீர். இடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். அள்ளும்போதும் தெளிக்க வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. மூக்கில் துண்டு கட்டினால் பெரிய தூசி நிற்கும். நுண்ணிய தூசி நிற்காது. அதற்கென்று உள்ள முகக்கவசம் வேண்டும். அதை வாங்கித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் கேட்கலாம். சித்தாள் பெண்கள் கைக்குழந்தையைப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை செய்கிறார்கள். அந்தக் குழந்தையும் அதே தூசியைத்தான் மூச்சில் இழுக்கிறது. தூளியைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம், தள்ளிக் கட்ட வேண்டும்.

ஆலையில் நடப்பது

டெல்லியின் வடக்கே புராரி என்ற இடம் இருக்கிறது. அங்கே 2009-இல் கட்டடக் கழிவை அரைக்கும் ஆலை தொடங்கியது. இந்த வேலையில் நாட்டுக்கு வழி காட்டிய ஆலைகளில் அது ஒன்று. ஆரம்பத்தில் நாள் ஒன்றுக்கு 500 டன் அரைக்கும் அளவுக்கு அமைத்தார்கள். பிறகு பெரிதாக்கினார்கள். சாஸ்திரி பார்க் போன்ற இடங்களிலும் ஆலைகள் வந்தன. அகமதாபாத்திலும் ஆலை உண்டு. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அமைத்தார்கள்.

லாரி வந்ததும் எடை மேடையில் நிற்கும். எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள். கழிவைக் கொட்டியதும் ஆட்கள் துணி, மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கையால் பொறுக்குவார்கள். பெரிய சல்லடையில் மண் உதிரும். கட்டிகள் அரைவை இயந்திரத்துக்குள் போகும். கம்பித் துண்டுகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அரைத்ததைத் தண்ணீரில் கழுவி, ஜல்லி வேறு, மணல் வேறு என்று சலித்தெடுப்பார்கள். கழுவிய தண்ணீரைத் தெளியவைத்து மறுபடியும் பயன்படுத்துவார்கள்.

இந்த ஜல்லியிலும் மணலிலும் சிமென்ட் சேர்த்து அச்சில் அழுத்தினால் நடைபாதைக் கல், சாலை ஓரக் கல், சுவர்க் கல் எல்லாம் வரும். சாலைக்கு அடியில் பரப்பவும் ஜல்லி போகிறது. டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடம் 2019-இல் திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் கட்டடக் கழிவில் செய்த கல் லட்சக்கணக்கில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இதில் வீடு கட்டினால் உறுதியாக இருக்குமா? இந்தக் கேள்வி நியாயமானது. பழைய கான்கிரீட்டை அரைத்த ஜல்லியில் பழைய சிமென்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தண்ணீரை அதிகமாக உறிஞ்சும். அதனால் தர விதியில் அளவு குறித்திருக்கிறார்கள். 2016-இல் திருத்திய ஐ.எஸ். 383 என்ற விதி இப்படிச் சொல்கிறது: கம்பி போட்ட சாதாரண வலுவுள்ள கான்கிரீட்டில் நூற்றுக்கு 20 பங்கு வரை பழைய கான்கிரீட் ஜல்லி சேர்க்கலாம். கம்பி போடாததில் 25 பங்கு. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே அதைப் போடலாம். கண்ட இடத்தில் உடைத்த செங்கல்லை மேல்தளக் கான்கிரீட்டில் கலக்கும் ஒப்பந்தக்காரர் இந்த விதியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

விதி என்ன சொல்கிறது?

2016-இல் மத்திய அரசு கட்டடக் கழிவுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. கழிவை உண்டாக்குகிறவர் அதைத் தன் இடத்திலேயே வைக்க வேண்டும், அல்லது சேகரிப்பு இடத்தில் சேர்க்க வேண்டும். தெருவையும் சாக்கடையையும் அடைக்கக் கூடாது. அந்த 2016 விதிகளின்படி, ஒரே நாளில் 20 டன்னோ அதற்கு மேலோ, அல்லது ஒரு வேலையில் மாதத்துக்கு 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு வந்தால், கான்கிரீட், மண், செங்கல்லும் காரையும், இரும்பு மரம் பிளாஸ்டிக் என்று பிரித்தே தர வேண்டியிருந்தது. தொட்டிகள் வைத்து, நிரம்பியதும் அகற்றுவது உள்ளாட்சியின் பொறுப்பு. நம் வார்டில் அப்படித் தொட்டியோ சேகரிப்பு இடமோ இல்லை என்றால் கவுன்சிலரிடம் கேட்பதில் தவறில்லை. அது சலுகை அல்ல. விதியிலேயே உள்ளது.

2025 ஏப்ரலில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறை என்று அதில் குறித்தார்கள். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிற பெரிய நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தங்கள் கழிவு மறுசுழற்சி ஆவதற்கு அவர்களே பொறுப்பு.

பெரிய கட்டடம் என்றால் எவ்வளவு கழிவு வரும்? டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் இரட்டைக் கோபுரங்களை 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் சுமார் 80,000 டன் குவிந்தது. ஒரு பகுதி அங்கேயே பள்ளத்தை நிரப்பியது. ஒரு பகுதி ஆலைக்குப் போனது. அள்ளி முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

அந்தச் சந்து வீட்டில் என்ன நடந்தது? 300 செங்கல் போக மூன்று டன் மிஞ்சியது. டெம்போவில் என்றால் நான்கு நடை. டிராக்டர் டிரெய்லரில் ஒரே நடையில் முடிந்தது. வீட்டுக்காரர் டிராக்டர்காரரிடம் பாதிப் பணம்தான் கொடுத்தார்.

"மீதியை எப்போது ஐயா தருவீர்கள்?" என்று கேட்டார் டிராக்டர்காரர்.

"எடைச் சீட்டைக் கொண்டு வாப்பா, தருகிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

சாயங்காலம் சீட்டு வந்தது. மேஸ்திரி அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்று டன்னுக்குக் கொஞ்சம் கூட இருந்தது.