துண்டுக் கரைக்கு ஓர் எளிய கணக்கு

கைத்தறித் துண்டு வாங்குவோர் முதலில் நோக்குவது அதன் கரையையே. நூலும் நெசவும் ஒன்றாயிருப்பினும், கரை அழகாயிருக்கும் துண்டே முன்னதாக விலை போகும். 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் துண்டு கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகங்களுள் ஒன்று. ஆயினும் சட்டம் விற்பனையைத் தேடித் தராது. விசைத்தறித் துண்டினின்று நம் சரக்கு வேறென்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதற்குச் சித்திரக்காரர் வேண்டுவதில்லை. ஒரு கணக்கு போதும்.

1, 2 என்று எழுதுக. கடைசி இரண்டையும் கூட்டினால் அடுத்த எண் வரும்: 1, 2, 3, 5, 8, 13, 21. ஐரோப்பாவில் இதனைப் பிபனாச்சி 1202-இல் எழுதினார். அதற்கு முன்னரே, சுமார் 1150-இல், ஹேமசந்திரர் யாப்புக் கணக்கில் இதைக் கூறியுள்ளார். விரஹாங்கர் அவருக்கும் முந்தியவர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பதை யாவரும் அறிவர். மூன்று மாத்திரையை மூன்று விதமாகவும், நான்கை ஐந்து விதமாகவும், ஐந்தை எட்டு விதமாகவும் நிரப்பலாம். அங்கத்தினர்கள் தாமே எழுதிச் சரிபார்க்கலாம்.

இனித் தறிக்கு வருவோம். 30 அங்குல அகலமும், அங்குலத்துக்கு 40 இழையும் உள்ள பாவில் மொத்தம் 1,200 இழைகள். மேற்கண்ட எண்களில் முதல் ஐந்தை 4-ஆல் பெருக்கினால் 4, 8, 12, 20, 32 ஆகும். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பாவை இவ்வாறு அமைக்க:

சிவப்பு 32, வெள்ளை 20, சிவப்பு 12, வெள்ளை 8, சிவப்பு 4.

இவை 76 இழைகள். நடுவில் வெள்ளை 1,048. மறுபுறம் இதே வரிசை தலைகீழாக. கோடுகள் ஓரத்தில் பருத்து, உள்ளே செல்லச் செல்ல மெலிந்து வெள்ளையில் கலந்துவிடும்.

பாவு ஓட்டுவோர் கூட்டலைச் சரிபார்க்க ஒரு வழியுண்டு. 8-க்குப் பின் இரண்டாவது எண் 21. அதில் 2-ஐக் கழித்தால் 19. அதனை 4-ஆல் பெருக்க 76 வரும்.

4-ஆல் பெருக்குவதேன்? அச்சின் ஒவ்வோர் இடைவெளியிலும் 2 இழை செல்வதால், கோடு நடுவில் பிளவுபடலாகாது. ஊடையிலும் இதே வரிசையைப் போடும்போது, இரட்டை எண்ணாயிருந்தால்தான் வர்ண நாடா புறப்பட்ட பக்கத்துக்கே திரும்பிவரும்.

செலவையும் கவனிப்போம். பாவில் வர்ண இழை 96, அதாவது நூற்றுக்கு 8 பங்கு மட்டுமே. எனினும் ஊடையில் இரு தலைப்புகளுக்கும் கரை போட்டால், துண்டொன்றுக்கு 10 முறை நாடா மாற்ற வேண்டும். அந்நேரம் நெசவாளருடையது. ஆகையால் சங்க நிர்வாகிகள் மாதிரித் துண்டை நெய்வித்து, பிடித்த நேரத்தைக் கண்டு, அதற்குரிய கூலியைச் சேர்த்த பின்னரே விற்பனை விலையை நிர்ணயிப்பது நியாயமாகும். அழகுக்கு விலை கிடைக்கையில் கூலி பழையபடியே நிற்குமானால், அடுத்த பாவுக்கு நெசவாளர் முன்வாரார்.

சாயம் போகாத நூலையே வாங்குக. ஒரு சிறு துணுக்கை வெள்ளைத் துணியுடன் சுடுநீரில் நனைத்துப் பரீட்சித்த பின்னரே பாவில் சேர்க்க வேண்டும். பனமலைப் பக்கத்து அங்கத்தினர்கள் முதலில் ஒரே பாவில் சில துண்டுகள் நெய்து, இழைக் கணக்கைச் சங்கத்தின் மாதிரிப் புஸ்தகத்தில் பதிந்து வைப்பார்களாக. மறு வருஷம் அதே துண்டைக் கேட்டு வருவோருக்கு இழை பிசகாமல் நெய்து கொடுக்க அப்பதிவு உதவும்.